நாற்பத்திரண்டு தாள்களும் ஒரு கோயில் கிணறும்

கப்பலில் கழிந்த ஒரு வாரத்தைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. எழுதினால் வாந்தியைப் பற்றித்தான் எழுத வேண்டும். ஆகவே ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கையில் பெட்டியும் காலில் வீக்கமுமாகச் செங்கல்பட்டு ரயில் நிலையத்தில் இறங்கியதிலிருந்து தொடங்குகிறேன்.

நான் ஈப்போவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. தோட்டத்து இளைஞர் மன்றத்துக்குச் செயலாளரும் நான்தான். வேறு யாரும் அந்த வேலைக்கு வரவில்லை. மன்றத்தில் இரண்டு வருடமாக ஒரு சண்டை. லயத்துப் பிள்ளைகளுக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில் வளரும் பிள்ளைகளுக்கு, என்ன தேவை என்று கண்டறிய வேண்டும். அதைப் படித்த பெரியவர்கள் ஆராயட்டும் என்பது தலைவர் கட்சி. அந்தப் பிள்ளைகளே ஆராயட்டும் என்பது என் கட்சி. என் கட்சியில் நான் ஒருத்திதான்.

அந்தச் சமயத்தில்தான் மாமல்லபுரம் கடற்கரையில் ஒரு மீனவக் குப்பத்து இளைஞர்களே தங்களைப் பற்றி ஓர் ஆய்வு நடத்துகிறார்கள் என்று தெரிந்தவர் ஒருவர் கடிதம் எழுதினார். தலைவரிடம் காட்டினேன். "நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாங்களேன், அது சரியாக நடந்தால் இங்கேயும் நடத்தலாம்" என்றார். அவர் குரலில் இருந்த நிம்மதி எனக்குப் பிடிக்கவில்லை.

செங்கல்பட்டில் நான் தங்கியது காதர் பாய் வீட்டில். எங்கள் தோட்டத்து மளிகைக் கடைக்காரரின் அண்ணன் அவர். பஜாரில் பாத்திரக் கடை. என்னைக் கண்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "ஏம்மா, உங்க ஊர்ல எங்க தோண்டினாலும் ஈயமாமே? இங்க அண்டாவுக்குப் பூசறதுக்குக் கெடைக்கல." அவர் மனைவி ஜைனபு உள்ளேயிருந்து, "வந்தவங்கள மொதல்ல நாஸ்தா துன்ன வுடுங்க" என்றார்.

நாஸ்தா என்றால் இடியாப்பமும் ஆட்டுக்கால் பாயாவும். எங்கள் ஊரில் இடியாப்பத்தைத் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் தூவித் தின்போம். அதைச் சொன்னதும் ஜைனபு என்னைப் பரிதாபமாகப் பார்த்து இன்னும் ஒரு கரண்டி பாயா ஊற்றினார். நான் ஏழு இடியாப்பம் சாப்பிட்டேன். கப்பலில் போன உடம்பு அங்கேயே பாதி திரும்பி வந்துவிட்டது.

திரும்பி வந்த அந்தப் பாதியைச் சாயங்காலம் வரதராஜன் வாங்கிக்கொண்டார். குப்பத்து ஆய்வை அந்த இளைஞர்களிடம் ஒப்படைத்திருந்த சென்னை நிறுவனத்தின் அதிகாரி அவர். ஏரிக்கரைப் பக்கம் ஒரு மாடியறையில் அவர்களுடைய அலுவலகம். போய் உட்கார்ந்ததும் ஒரு தாள்கட்டை என் முன்னால் தள்ளினார்.

"நீங்களே பாருங்கம்மா. இதைப் பார்க்கத்தானே கடல் தாண்டி வந்தீங்க?"

நாற்பத்திரண்டு தாள்கள். பதினைந்து வயதிலிருந்து இருபத்தைந்து வயது வரை உள்ள நாற்பத்திரண்டு பேரிடம் கேட்டு எழுதியவை. முதல் கேள்வி, உங்கள் ஊர் இளைஞர்களுக்கு முதலில் என்ன வேண்டும்? பதில், கோயிலுக்கு மதில் சுவர். இரண்டாவது, ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்கள்? வலை பின்னுவோம். அடுத்த தாளைப் புரட்டினேன். மதில் சுவர், வலை பின்னுவோம். அதற்கடுத்த தாளும் அப்படியே. கடைசித் தாள் ஒரு பதினாறு வயதுப் பெண்ணுடையது. அவளுக்கும் முதலில் வேண்டியது மதில் சுவர்தான்.

"மரத்தடியில உட்கார்ந்து ஒருத்தனே எழுதியிருக்கான்" என்றார் வரதராஜன். "அந்தப் பிள்ளைங்களை நம்பி ஒப்படைச்சது என் தப்பு. சனிக்கிழமை நேர்ல போய் நிறுத்திடப்போறேன். அப்புறம் காலேஜ் பசங்களை அனுப்பி முறையா செய்துக்குவோம். அந்த ஆய்வை வெச்சுத்தான் அங்க இளைஞர் கூடமே கட்டணும்."

எனக்கு மூக்கு நுனியில் கோபம். ஆனால் யார்மேல் என்றுதான் தெரியவில்லை. சனிக்கிழமை அவர் அதை நிறுத்தினால், ஈப்போவில் என் கட்சியும் அதோடு முடிந்தது. "சனிக்கிழமைக்கு முன்னால் நான் அங்கே போகலாமா?" என்று கேட்டேன். தாராளமாகப் போகலாம் என்றார்.

புதன்கிழமை பஸ். திருக்கழுக்குன்றம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பட்டென்று ஒரு சத்தம். பஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. எல்லாரும் இறங்கிப் புளியமர நிழலில் நின்றோம். எங்கள் ஊரில் பஸ் நின்றால் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்போம். இங்கே பத்து நிமிஷத்துக்குள் யார் வீட்டில் யாருக்குக் கல்யாணம் என்பது வரை எனக்குத் தெரிந்துவிட்டது. கண்டக்டர் மட்டும் டயரை முறைத்தபடி, "காலைலயே சொன்னேன், இது பேஜாரு புடிச்ச வண்டின்னு" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

என் பக்கத்தில் காலி மீன்கூடையோடு ஒரு பெண். பத்தொன்பது வயதிருக்கும். என் செருப்பிலிருந்து கைக்கடிகாரம் வரை பார்த்துவிட்டு, "அக்கா, நீங்க வெளியூரா?" என்றாள். மலேசியா என்றேன். "மலாயாவா" என்று திருத்தினாள். எங்கே போகிறேன், எதற்குப் போகிறேன் என்று சொன்னதும் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"நான்தான் அதுல கேள்வி கேட்டவ. நானும் எழுமலையும் இன்னும் நாலு பேரும். எம் பேரு கன்னியம்மா."

கொஞ்சமும் யோசிக்காமல், "நாற்பத்திரண்டு தாளிலும் ஏன் பொய் எழுதினீர்கள்?" என்று கேட்டுவிட்டேன். நான் அப்படித்தான், நாக்கு முந்திக்கொள்ளும்.

அவள் கோபப்படவில்லை. "பொய்யி இல்லக்கா. நாப்பத்திரண்டு வூடும் ஏறி எறங்கினோம். அவங்க வாயால இன்னா சொன்னாங்களோ அத்தத்தான் எழுமலை எழுதுனான். எனக்கு எழுதப் படிக்க வராது, ஆனா யாரு இன்னா சொன்னாங்கன்னு மறக்க மாட்டேன்."

"எல்லாரும் ஒரே மாதிரியா சொன்னார்கள்?"

"ஊரு ஒண்ணுதானேக்கா?" என்றாள், நான்தான் ஏதோ புரியாமல் கேட்கிறேன் என்பதுபோல.

டயர் மாற்றுவதற்குள் கல் ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று வந்தது. சிற்பப் பட்டறைக்குப் போகிற கல். வண்டிக்காரர் எங்களையும் ஏற்றிக்கொண்டார். அவ்வளவு கல்லோடு சேர்ந்து குலுங்கிய பிறகு என் முதுகெலும்பு என்னுடையதாக இல்லை. மாமல்லபுரத்தில் வண்டி பட்டறை வாசலில் நின்றது. எங்கு திரும்பினாலும் உளிச் சத்தம். இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள் வேலையைப் பார்த்தபடி நின்றார்கள். ஒருத்தி ஆங்கிலத்தில், "இத்தனை சத்தத்தில் இவர்கள் எப்படித்தான் யோசிக்கிறார்களோ" என்றாள். மற்றவள், "யோசிப்பதாகத் தெரியவில்லை, அடிப்பதாகத்தான் தெரிகிறது" என்றாள். நான் திரும்பி, "யோசித்துவிட்டுத்தான் அடிக்கிறார்கள்" என்று ஆங்கிலத்திலேயே சொல்லிவிட்டு நடந்தேன். பிறகுதான் உறைத்தது, முந்தின நாள் முழுக்க நானும் அந்தக் குப்பத்தைப் பற்றி அவர்களைப்போலத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அங்கிருந்து தெற்கே மணலில் ஒரு மணி நேர நடை. குப்பத்தில் கங்கையம்மன் கோயில், அதற்குப் பின்னால் ஒரு கிணறு, நாலு வரிசை ஓலைக் குடிசைகள், கரையில் ஏறிக் கிடக்கும் கட்டுமரங்கள். கோயிலுக்கு மதில் சுவர் இல்லைதான்.

என்னைத் தங்க வைத்தது கன்னியம்மா வீட்டில். அவள் அப்பா கோதண்டம்தான் ஊர் நாட்டார், அதாவது குப்பத்துப் பஞ்சாயத்தின் தலைவர். ஒல்லியான மனிதர், குரல் மட்டும் கடலுக்கே கேட்கும். மத்தியானம் வஞ்சிரக் குழம்பு. எங்கள் ஊரில் மீன் குழம்புக்குத் தேங்காய்ப்பால் ஊற்றுவோம். இங்கே புளியும் மிளகாயும் மட்டும்தான், கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனாலும் சோற்றை நிறுத்த முடியவில்லை. "மலாயாவுல மீனு கெடைக்காதா?" என்று நாட்டார் கவலையோடு கேட்டார்.

சாப்பிட்டு முடித்ததும் எழுமலை வந்தான். இருபத்திரண்டு வயது. பள்ளிப் படிப்பை முடித்துவிட்டுக் கடலுக்குப் போகிறவன். நடந்ததை அவன்தான் எனக்குப் புரிய வைத்தான். அவர்கள் முதல் வீட்டுக்குப் போய்க் கேட்டபோது, "நாட்டாரக் கேளு" என்றார்களாம். இரண்டாவது வீட்டிலும் அதேதான். வெளியிலிருந்து ஒரு கேள்வி வந்தால் ஊர்தான் பதில் சொல்லும், தனியாள் சொல்லக் கூடாது. அதுதான் இங்கே வழக்கம். சரியென்று இவர்கள் நாட்டாரிடமே போய்விட்டார்கள். அவர் கூட்டம் போட்டு, அரை நாள் பேசி, ஒவ்வொரு கேள்விக்கும் ஊர்ப் பதில் முடிவு செய்தார். அதற்கப்புறம் வீடு வீடாகப் போனால் எல்லார் வாயிலும் மதில் சுவர்தான் வந்தது.

"நாங்க கூட்டத்துக்குப் போனதுதான் தப்பு, டீச்சரம்மா" என்றான். "ஆனா போகாம இருந்திருந்தா ஒருத்தரும் வாயத் தொறந்திருக்க மாட்டாங்க."

"அப்படியென்றால் நாளைக்கு ரகசியமாகக் கேளுங்கள்" என்றேன். "நாட்டாருக்குத் தெரிய வேண்டாம்."

எழுமலையின் முகம் மாறிவிட்டது. "ஊருக்குத் தெரியாம இந்த ஊர்ல ஒரு வேலை செஞ்சா, அப்பால நான் யாரு மரத்துல ஏறிக் கடலுக்குப் போறது?"

நான் அவன் பேச்சைக் கேட்கவில்லை. வாசலில் வலையோடு உட்கார்ந்திருந்த ஒரு பையனிடம் நானே போய், "தம்பி, உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டேன். "கோயிலுக்கு மதில் சொவரு" என்றான், தலை நிமிராமல். ஊரோடு ஒத்து வாழ் என்று வகுப்பில் நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு அந்தப் பழமொழியைச் சொன்னவர் மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல.

வழி சொன்னது கன்னியம்மா. மறுநாள் வியாழக்கிழமை காலை, மீனைக் கூடையில் அடுக்கிக்கொண்டே சொன்னாள். "ஊரு சொன்னாத்தான் சொல்வாங்க. அப்போ ஊரே சொல்லட்டும். அவங்கவங்க வாயால அவங்கவங்க பதில் சொல்லணும்னு ஊரே ஒரு கட்டுப்பாடு போடட்டும்."

எழுமலை அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். நானும்தான். முதல் வகுப்புக்குக்கூடப் போகாத பெண் அவள். இருபது வருடமாக ஆசிரியையாக இருக்கும் எனக்கு அது தோன்றவில்லை.

மத்தியானம் கட்டுமரங்கள் எல்லாம் கரையேறிய பிறகு கோயில் முன்னால் கூட்டம். வீட்டுக்கு ஓர் ஆண் உட்கார்ந்தான். பெண்கள் பின்னால் நின்றார்கள், அவர்களோடு நானும் கன்னியம்மாவும். எழுமலை எழுந்து விஷயத்தைச் சொன்னான். நாட்டார் உடனே மறுத்துவிட்டார். அவர் சொன்ன நியாயத்தை நான் ஒதுக்க முடியாது.

"டேய், வெளியில இருக்கறவன் ஒரு தபாதான் இன்னா வேணும்னு கேப்பான். அப்போ ஆளுக்கொண்ணு சொன்னா ஒண்ணியும் வராது. ஒரே வாயா மதில் சொவருன்னா, சொவராவது வரும். ஒண்ணா நின்னுதான் நம்ப ஊரு இதுவரைக்கும் பொழைச்சிகினு வருது."

பலர் தலையாட்டினார்கள். எழுமலை உட்காரவில்லை.

"நாட்டாரே, மரத்துல நாலு பேரு போறோம். முன்னாடி கீறவன் பறவையப் பாக்கறான். பின்னாடி கீறவன் தண்ணி நெறத்தப் பாக்கறான். ஒருத்தன் நீரோட்டத்தப் பாக்கறான். நாலு பேரும் முன்னாடி கீறவன் சொன்னதையே சொல்லிகினு இருந்தா மீனு கெடைக்குமா? வலையப் போடும்போதுதான் ஒண்ணா போடணும். பாக்கும்போது ஆளுக்கொண்ணுதான் பாக்கணும். இப்போ அவங்க கேக்கறது பாக்கற வேலை, நாட்டாரே. இன்னும் வலையே போடல."

பின்வரிசையில் ஒரு கிழவர், "பையன் சொல்றது செரிதான்" என்றார். நாட்டார் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். பிறகு அந்தக் குரல் எழும்பியது.

"செரி. ஊர்க் கட்டுப்பாடு. கேள்வி கேட்டா அவனவன் பதில அவனவன் சொல்லணும். அடுத்தவன் சொன்னதையே எவனாவது சொன்னான்னா, கோயில் கெணறு தூர் வாரணும்."

எல்லாரும் சிரித்தார்கள், கொஞ்சம் பயத்தோடுதான். அந்தக் கிணற்றில் மணல் சரிந்துகொண்டே இருக்குமாம். இடுப்பளவு சேற்றில் இறங்கி வாளி வாளியாக அள்ள வேண்டும். ஊரிலேயே யாரும் செய்ய விரும்பாத வேலை அது.

கூட்டம் கலைந்ததுமே ஆறு பேரும் புதுத் தாள்களோடு கிளம்பினார்கள். நான் எழுமலையோடு போனேன். சேகர் என்ற பையன் சொன்னதை என்னால் மறக்க முடியாது. "எனக்கு நீச்சல் கத்துக்கணும்" என்றான். மூன்று வருடமாகக் கடலுக்குப் போகிறவன் அவன். நீந்தத் தெரியாது என்பதை அவன் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. எழுமலை எழுதும்போது பென்சில் ஒரு நொடி நின்றது. அவர்கள் இரண்டு பேரும் ஒரே கட்டுமரத்தில் போகிறவர்கள்.

வெள்ளிக்கிழமை காலை கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. மீன் கொண்டு போகும் பெண்களோடு நடந்துகொண்டே கன்னியம்மா கேள்வி கேட்டாள். நான் பின்னால் மூச்சிரைக்க ஓடினேன். அவர்கள் தலையில் கூடையோடு நடக்கிற வேகத்துக்குச் சும்மா நடக்கிற என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. முதல் பெண், "கூடையோட ஏத்திகினு போற மாதிரி பஸ்ஸு வேணும்" என்றாள். இரண்டாவது பெண் வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். "எனக்கு ரயிலு வேணும்" என்றாள். மூன்றாவது பெண், "ஏரோப்ளேனு" என்றாள்.

கன்னியம்மா நின்றுவிட்டாள். "ஏண்டி, உனக்கு இன்னாத்துக்கு ஏரோப்ளேனு?"

"பஸ்ஸுன்னு சொன்னா கெணறு தூர் வாரச் சொல்வாங்களே" என்றாள் அந்தப் பெண், அழாக்குறையாக.

அத்தனை பேருக்கும் பஸ்தான் வேண்டும். முதலில் எல்லாரும் ஒரே பொய்யைச் சொன்னார்கள். இப்போது ஆளுக்கொரு பொய். நான் சாலையோரக் கல்லில் உட்கார்ந்து, சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் கொஞ்சம் செய்தேன். நாளை காலை வரதராஜன் வந்துவிடுவார்.

கன்னியம்மா மீனை இன்னொருத்தியிடம் கொடுத்துவிட்டு வந்த வழியே திரும்பி நடந்தாள். அந்த வேகத்தை நான் ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேன். அவள் அப்பா கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தார்.

"நைனா, உன் கட்டுப்பாட்டுல ஓட்ட கீது."

நாட்டார் நிமிர்ந்து பார்த்தார். பக்கத்திலிருந்தவர்களும் பார்த்தார்கள். நாட்டாரின் கட்டுப்பாட்டில் ஓட்டை என்று அந்தக் கரையில் அதுவரை யாரும் சொன்னதில்லை என்று அவர்கள் முகமே சொன்னது.

"ரெண்டு பேருக்கு நெஜமாவே ஒண்ணுதான் வேணும்னா இன்னா பண்றது? பதிலு ஒண்ணா இருக்கட்டும், நைனா. காரணம் அவளோடதா இருக்கணும். சொந்தக் காரணம் இல்லாம அடுத்தவ பதிலச் சொன்னாத்தான் கெணறு."

நாட்டார் வலையைக் கீழே போட்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். சுற்றி நின்ற பெரியவர்களைப் பார்த்து, "இன்னாப்பா சொல்றீங்க?" என்றார். அவர்கள் தலையாட்டினார்கள். "அப்போ அப்படியே சொல்லிடு ஊர்ல" என்று மகளிடம் சொல்லிவிட்டு வலையை எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான். எங்கள் மன்றத்தில் ஒரு விதியில் ஒரு வார்த்தையை மாற்ற எட்டு மாதம் ஆனது.

தாளில் இடமில்லாததால் காரணங்களைப் பின்பக்கம் எழுதினார்கள். அந்தப் பின்பக்கங்களைப் படிக்கத்தான் நான் கடல் தாண்டி வந்தேன் என்று இப்போது தோன்றுகிறது. பஸ் வேண்டும், வெயிலில் நடந்தால் மீன் கெட்டுவிடுகிறது. பஸ் வேண்டும், நடந்து வருவதற்குள் தம்பி பசியில் தூங்கிவிடுகிறான். பஸ் வேண்டும், வழியில் ஒருவன் நின்று வம்பு பேசுகிறான். ஒரே பஸ்தான், ஆனால் மூன்று வாழ்க்கை. வரதராஜனின் நிறுவனம் இளைஞர் கூடத்தைச் சாயங்காலம் ஆறு மணிக்குத் திறப்பதாகத் திட்டமிட்டிருந்தது. விடிவதற்கு முன்னால் கடலுக்குப் போகும் பையன்கள் அந்த நேரத்தில் படுத்துவிடுவார்கள். பெண்கள் சமைத்துக்கொண்டிருப்பார்கள். மத்தியானம் ஒரு மணியிலிருந்து மூன்று மணி வரைதான் எல்லாருக்கும் ஓய்வு என்று பிள்ளைகள் எழுதிக் கொண்டு வந்தார்கள்.

சனிக்கிழமை வரதராஜனின் ஜீப் குப்பத்துக்கு அரை மைல் முன்னால் மணலில் புதைந்தது. நிறுத்தப்போவதாக வந்தவரின் வண்டியை, நிறுத்தப்படவேண்டிய பிள்ளைகள் ஆறு பேரும் சேர்ந்து தள்ளிக் கொண்டு வந்தார்கள். அவர் கால்சட்டையில் முட்டிவரை மணல் ஒட்டியிருந்தது. முகம் நல்ல முகமாக இல்லை.

கோயில் முன்னால் ஊரே உட்கார்ந்திருந்தது. எழுமலை தாள்களை நீட்டினான். வரதராஜன் வேகமாகப் புரட்டினார். பிறகு வேகம் குறைந்தது. பிறகு ஒரு தாளிலேயே நின்றுவிட்டார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இது யாருடையது? பேர் போடலையே" என்றார். "முதலில் வேண்டியது, படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். காரணம், என் வாயால் சொன்னதை அடுத்தவர் என்ன எழுதினார்கள் என்று நானே படித்துப் பார்க்க வேண்டும்."

பெண்கள் பக்கத்திலிருந்து கன்னியம்மா எழுந்து நின்றாள். "என்னோடதுதான்" என்றாள். கூட்டத்தில் எழுந்து நின்று பேசிய முதல் பெண் அவள்தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். நாட்டார் மகளைப் பார்த்தார். பார்வையில் கோபம் இருந்ததா பெருமை இருந்ததா என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் உட்காரச் சொல்லவில்லை.

"எழுதினவன் சரியா எழுதியிருக்கானா?" என்று வரதராஜன் அவளிடம் கேட்டார்.

"நீங்க படிச்சீங்களே சார், அதுதான் நான் சொன்னது. ஒரு சொல்லு கொறையல."

வரதராஜன் தாள்களை அடுக்கி, தன் தோல்பையில் வைத்தார். "இந்த ஆய்வை இப்படியே எடுத்துக்கறேன்" என்றார். "காலேஜ் பசங்க வர மாட்டாங்க. கூடம் மத்தியானம் ஒரு மணிக்குத் திறக்கும். அடுத்த கேள்விகளையும் நீங்களே எழுதுங்க. நான் எழுதினது சரியில்லை." கடைசி வாக்கியத்தைச் சொல்ல அவர் சிரமப்பட்டார். அதற்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது.

எழுமலை சேகரின் தோளில் அடித்தான். அவனுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்கும் வேலையை முந்தின நாளே தொடங்கிவிட்டிருந்தான். பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். வெட்கப்படாமல் சொல்கிறேன், அழுதேன். இரண்டு வருடச் சண்டையில் நான் ஜெயித்துவிட்டேன்.

அந்தச் சந்தோஷத்தில்தான் என் நாக்கு மறுபடி முந்திக்கொண்டது. "உங்க ஊர்ல இப்போ இன்னா பண்ணப்போறீங்க, டீச்சரம்மா?" என்று நாட்டார் கேட்டார். பெருமையாகச் சொன்னேன். "இதே தாள், இதே கேள்விகள். அப்படியே எழுதிக் கொண்டு போய் எங்கள் தோட்டத்திலும் கேட்கப்போகிறேன்."

"காரணம்?" என்றாள் கன்னியம்மா.

நான் விழித்தேன். "உங்களுக்கு நன்றாக நடந்ததே."

"அது எங்க காரணம்க்கா. உங்களோடது இன்னா?"

என்னிடம் இல்லை. கடல் தாண்டி வந்ததே அடுத்தவர் கேள்வியைக் கொண்டு போகத்தான். ஊரே என்னைப் பார்த்தது. நாட்டார் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஊர்க் கட்டுப்பாடுன்னா கட்டுப்பாடுதான், டீச்சரம்மா" என்றார்.

புடவையை வரிந்து கட்டிக்கொண்டு கங்கையம்மன் கோயில் கிணற்றில் இறங்கினேன். ஐந்து வாளி சேறு அள்ளினேன். மேலே கயிறு இழுத்தது வரதராஜன், தானாகவே வந்தார். முதல் தாளில் கேள்வி எழுதியது தான்தானே என்றார். சுற்றி நின்ற பிள்ளைகள் ஒவ்வொரு வாளிக்கும் கூச்சல் போட்டார்கள். காதர் பாய் வீட்டுக்குத் திரும்பியபோது ஜைனபு என் நகங்களைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, நம்ப ஊர்லயே ஈயம் தோண்ட ஆரம்பிச்சிட்டீங்களா?" என்றார்.

ஈப்போ திரும்பியதும் மன்றக் கூட்டம். தலைவர் கை நீட்டி, "அந்தக் கேள்வித்தாளைக் காட்டுங்கள்" என்றார். கொண்டு வரவில்லை என்றேன். அதை நம் பிள்ளைகள்தான் எழுத வேண்டும். நான் கொண்டு வந்தது ஒரே ஒரு விதி. யார் வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். ஆனால் சொந்தக் காரணம் இல்லாமல் அடுத்தவர் சொன்னதைச் சொன்னால், கிணறு தூர் வார வேண்டும்.

தலைவர் வெற்றிச் சிரிப்போடு சாய்ந்து உட்கார்ந்தார். "டீச்சர், நம் தோட்டத்தில் எல்லாம் குழாய்த் தண்ணீர். கிணறே கிடையாதே."

வாசலுக்கு வெளியே லயத்துப் பிள்ளைகள் சிலர் எப்போதும்போல நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் ரப்பர் மரத்தில் பால் வெட்டும் பெண் ஒருத்தி, எங்கள் கூட்டங்களில் ஒருநாளும் வாய் திறக்காதவள், கதவுக்குள் தலையை நீட்டினாள்.

"கிணறு இல்லாட்டி என்ன, டீச்சர்? லயத்துக்குப் பின்னால சாக்கடை இருக்கே."

உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, மேலே அவள் பெயரை எழுதி, பென்சிலை அவள் கையில் கொடுத்தேன்.